சேவலுக்கு இடமில்லை

நம் ஊரில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. நாய்க்குட்டி என்றால் நாலு பேர் வருவார்கள். கால் உடைந்த நாற்காலி என்றாலும் ஒருவர் வந்து தோளில் வைத்துக்கொண்டு போவார். "ஒரு சேவல் தருகிறேன், விலை வேண்டாம், அறுக்காமல் வளர்த்தால் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் நிற்பவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு மெல்ல, "பெட்டை இருந்தால் கொடுங்களேன்" என்பார்.

இந்தப் பதிலை எட்டு மாத காலம் நான் கேட்டேன். கேட்டுக் கேட்டு, எனக்கு ஒரு கோபமே வந்துவிட்டது. அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கதை எழுதுகிறவனுக்குக் கோழிக் கூட்டில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்கட்டும். வேலை தானாகத்தான் வந்து சேர்ந்தது.

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் பெரிய மாமா காலமானார். திண்டுக்கல்லுக்குத் தெற்கே ஒரு சிறு கிராமத்தில் இருந்தவர். மூன்று ஏக்கர் நிலமும், ஒரு கிணறும், முப்பத்தெட்டுக் கோழிகளும் அவர் சொத்து. பெருவிடை என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் அசில் சாதி. நீண்ட கழுத்து, தடித்த கால், உடம்போடு ஒட்டிய இறகு, தலையில் பட்டாணி அளவுக்குச் சின்னக் கொண்டை. முட்டை குறைவாகத்தான் இடும். ஆனால் அடைக்கு உட்கார்ந்தால் தாய் என்றால் அது தாய். கீரி வந்தாலும் பருந்து வந்தாலும் எதிர்த்து நிற்கும்.

மாமா அந்தக் கோழிகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு. எந்தச் சேவல் எந்தப் பெட்டையோடு சேர்ந்தது, எத்தனை முட்டை வைத்தார், எத்தனை பொரித்தது, யாருக்குக் கொடுத்தார் என்று முப்பது வருஷத்துக் கணக்கு அதில் இருந்தது. சொந்தப் பிள்ளைகளின் ஜாதகத்தைக்கூட அவர் அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் முப்பது பெட்டைகளும் போய்விட்டன. துக்கம் கேட்க வந்தவர்கள், "மாமா நினைவாக ஒன்று இருக்கட்டும்" என்று ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று பிடித்துக்கொண்டு போனார்கள். பாசம்தான். ஆனால் அந்தப் பாசம் பெட்டையோடு நின்றுவிட்டது. எட்டுச் சேவல்கள் மட்டும் மிஞ்சின. ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்கக்கூடாதென்று தனித்தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அத்தை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"மாப்பிள்ளே, எனக்கு முழங்கால் வலி. எட்டுக்கும் தண்ணி வைக்க என்னால ஆகாது. கறிக்கடைக்காரர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டாரு. உங்க மாமா இருந்திருந்தா அவரை வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டாரு. நீங்க நாலு எழுத்துப் படிச்சவுக. நாலு ஊரு தெரிஞ்சவுக. நல்ல எடமாப் பாத்துக் கொடுத்துருங்க."

கல்யாணத்துக்கு வரன் தேடும் பொறுப்பைக் கொடுப்பது போலக் கொடுத்தாள். நானும், இது என்ன பெரிய காரியம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

முதலில் போனது மதுரையில் இருக்கும் ஒரு நண்பரிடம். மாடியில் தோட்டம் போட்டிருக்கிறார். ரசாயன உரம் இல்லாத கீரை, செக்கில் ஆட்டிய எண்ணெய், மண்பானைத் தண்ணீர் என்று வாழ்கிறவர். "மரபு அழிகிறதே" என்று கூட்டங்களில் பேசும்போது அவர் குரல் தழுதழுக்கும். எனவே அவரைத்தான் முதலில் நினைத்தேன்.

"அசிலா! அடடா, எப்பேர்ப்பட்ட இனம்!" என்றார். "நாலு பெட்டை கொடுங்கள். முட்டைக்கு ஆகும்."

"பெட்டை இல்லை. சேவல்தான் இருக்கிறது."

"சேவல் எதற்கு? சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும் அல்லவா?"

உண்மைதான். முட்டையிடுவதற்குக் கோழிக்குச் சேவலின் தயவு தேவையில்லை. அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். நண்பர் காக்க விரும்பிய மரபு காலைப் பலகாரத்தோடு முடிந்துவிடும் மரபு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் விடவில்லை. உறவினர் ஒருவரிடமிருந்து இரண்டு பெட்டைகளைத் திரும்பக் கேட்டு வாங்கி, ஒரு சேவலையும் சேர்த்து அவருடைய மாடியில் விட்டுவிட்டு வந்தேன். ஒன்பதாம் நாள் தொலைபேசியில் அழைத்தார். சேவல் விடியற்காலையில் கூவுகிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டாராம். "பெட்டைகள் இருக்கட்டும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்" என்றார்.

சேவல் கூவாமல் வேறென்ன செய்யும்? ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013ஆம் ஆண்டு ஆராய்ந்து பார்த்தார்கள். வெளிச்சமே மாறாத அறையில் வைத்தாலும் விடியும் நேரத்தை ஒட்டி அது கூவுகிறது. அதன் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று கண்டார்கள். அடுத்து 2015இல் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். கூட்டத்தில் மூத்த பதவியில் இருக்கும் சேவல்தான் முதலில் கூவும். மற்றவை வரிசைப்படி பின்னால் கூவும். நம்முடைய அலுவலகங்களில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

பிரான்ஸ் தேசத்தில் இதே வழக்கு நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. ஒலெரோன் தீவில் மொரீஸ் என்று ஒரு சேவல். விடுமுறைக்கு அங்கே வீடு வாங்கியவர்கள் அதன் கூவலைத் தாங்க முடியவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021 ஜனவரியில் அந்த நாட்டுப் பாராளுமன்றம், கிராமத்தின் ஓசையும் வாசனையும் அதன் பாரம்பரியத்தைச் சேர்ந்தவை என்று ஒரு சட்டமே செய்தது. சேவற்கொடியோனைக் கும்பிடுகிற நம் ஊரிலோ, ஒரு சேவல் ஒன்பது நாள் தங்க முடியவில்லை.

அடுத்து வந்தவர் தாமாகத் தேடிக்கொண்டு வந்தார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. "குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள் சார். வீட்டைச் சுற்றி இடம் இருக்கிறது" என்றார். கீரி நிறத்துச் சேவலைக் கொடுத்தேன். காசு கொடுக்க வந்தார். வேண்டாம் என்று பெருமையாக மறுத்துவிட்டேன். தீபாவளி கழித்து ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். சேவலைக் காணோம். அவருடைய சின்னப் பையன் ஓடிவந்து, "மாமா, அதைத் தீபாவளிக்குக் குழம்பு வைத்துவிட்டோமே!" என்றான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை. தகப்பனார் உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

மூன்றாவது ஆள் ஓர் இளைஞர். கோழி சாஸ்திரம் முழுவதும் தெரிந்தவர். காலின் செதிலைத் தடவிப் பார்த்தார். கண்ணின் நிறத்தைப் பார்த்தார். மாமாவின் நோட்டை வாங்கி மணிக்கணக்காகப் படித்தார். கடைசியாக ஒரு நல்ல இடம் கிடைத்தது என்று பூரித்துப்போய், இருப்பதிலேயே சிறந்த மயில் நிறத்துச் சேவலைக் கொடுத்தேன். தைப்பொங்கலுக்கு அதைச் சண்டைக் களத்துக்குக் கொண்டுபோனார். அங்கேயே அது செத்துப்போயிற்று. "வீரமாகச் செத்தது அண்ணே" என்று அவரே வந்து சொன்னார். அவர் கண்ணிலும் நீர் இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆக, ஐந்தே மாதத்தில் எட்டு ஆறாயிற்று.

"போனால் போகிறது. ஒரு சேவல் இருந்தால் போதாதா? பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பதுதானே கணக்கு?" என்று இந்தச் சமயத்தில் எனக்குப் பலர் புத்தி சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கால்நடை மருத்துவத் துறையில் இருக்கும் உறவினர் ஒருவர்தான் அந்தக் கணக்கில் இருக்கும் ஓட்டையைக் காட்டினார். வாசகர்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும், இது மனக்கணக்குத்தான்.

ஓர் இனம் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பது தலைகளை எண்ணிச் சொல்லும் விஷயம் அன்று. சேவல்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, வந்ததை நாலால் பெருக்கி, பிறகு இரண்டையும் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்தான் அந்த இனத்தின் உண்மையான பலம். ஒரே சேவலும் நூறு பெட்டைகளும் இருந்தால் என்ன வரும்? நாலுக்கும் சற்றுக் குறைவு. பத்துச் சேவலும் பத்துப் பெட்டையும் இருந்தால்? இருபது. நூற்றொரு பறவை நாலுக்குச் சமம். இருபது பறவை இருபதுக்குச் சமம். வேடிக்கையாக இல்லையா? காரணம் எளிது. நூறு தாய்க்குப் பிறந்தாலும் அத்தனை குஞ்சுக்கும் தகப்பன் ஒன்றே. அடுத்த தலைமுறையில் அண்ணனும் தங்கையும்தான் ஜோடி சேர வேண்டியிருக்கும். பலம் நாலு என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் இரத்த நெருக்கம் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் ஏறும். ஒரே தகப்பனுக்கு இரண்டு தாரத்தில் பிறந்தவர்களைக் கல்யாணம் செய்துவைத்தால் என்ன நெருக்கமோ அதே நெருக்கம். முதலில் முட்டை பொரிக்காது. பொரித்தாலும் குஞ்சு தேறாது. தேறினாலும் ஒரு நோய்க்குத் தாங்காது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் இந்தப் பலம் 50க்குக் கீழே போகக்கூடாது என்று வழிகாட்டியிருக்கிறது.

மாமாவின் முப்பது பெட்டைக்கும் எட்டுச் சேவலுக்கும் இந்தக் கணக்கைப் போட்டேன். 25 வந்தது. ஏழு சேவல்களைக் கறிக்கடைக்கு அனுப்பி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் நாலுகூட இல்லை. பெட்டைகள் முப்பதும் அப்படியே உயிரோடு இருக்கும். பார்ப்பதற்குப் பண்ணை நிறைந்திருக்கும். ஆனால் முப்பது வருஷத்து உழைப்பில் ஆறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பத்தாம் வகுப்பைத் தாண்டாத என் மாமா இந்தச் சூத்திரத்தைக் கண்டிருக்க மாட்டார். ஆனால் எட்டுச் சேவலுக்கு ஏன் தீனி போட்டார் என்பது இப்போது விளங்குகிறது அல்லவா? ஊரார் அதைக் கிழவரின் பைத்தியம் என்றார்கள்.

மரபு இனத்தைக் காக்கிறேன் என்று சொல்லிப் பெட்டையை மட்டும் வாங்குகிறவர் மரபைக் காக்கவில்லை, முட்டை வாங்குகிறார். முட்டை வாங்குவது குற்றமில்லை. அதற்குக் கடை இருக்கிறது. மரபு என்ற பெரிய சொல்லை அதற்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

பெரிய முட்டைப் பண்ணைகளைப் பற்றி இந்த நண்பர்கள் ஆத்திரத்தோடு பேசுவார்கள். பேச வேண்டியதுதான். முட்டைக்கென்று உண்டாக்கிய கோழி இனத்தில் ஆண் குஞ்சு முட்டையும் இடாது, கறியும் வைக்காது. ஆகவே பொரித்த முதல் நாளே அதைக் கழித்துவிடுகிறார்கள். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 கோடி ஆண் குஞ்சுகள் இப்படிப் போகின்றன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஜெர்மனி 2022ஆம் ஆண்டு முதல் இதைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. நம் ஊர்த் திருவிழாவில் சிவப்பும் பச்சையும் சாயம் பூசிக் கூடையில் விற்கிறார்களே, அவையும் பெரும்பாலும் இந்தக் கழிசல் ஆண் குஞ்சுகள்தாம். சரி, பண்ணைக்காரர் முதல் நாளில் செய்வதை நம் மாடித் தோட்டக்காரர் ஆறாம் மாதத்தில் செய்கிறார். குரல் உடைந்து கூவத் தொடங்கியதும் அது வேண்டாத பிள்ளை ஆகிவிடுகிறது. இருவருக்கும் ஐந்தே முக்கால் மாதம்தான் வித்தியாசம்.

பொரிப்பதில் பாதி ஆணாக இருக்கிறதே என்று சேவலின் மேல் குறைப்படுகிறவர்களும் உண்டு. மனிதர்களில் பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தகப்பனின் வித்து முடிவு செய்கிறது. பறவைகளில் அது நேர்மாறு. தாயின் முட்டைதான் முடிவு செய்கிறது. இந்த ஒரு குற்றத்திலாவது சேவலை விட்டுவிடலாம்.

இனிச் சண்டைக்காரர்களுக்கு வருகிறேன். அவர்கள் கட்சியில் பாதி நியாயம் இருக்கிறது. ஊரெல்லாம் சேவலை வெறும் கறியாகப் பார்த்த காலத்தில், வம்சம் பார்த்து, நிறம் பார்த்து, கம்பும் கேழ்வரகும் ஊட்டி வளர்த்தவர்கள் அவர்கள்தாம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கு வட்டெழுத்தில் பொறித்த நடுகல் இருக்கிறது. ஏறத்தாழ 1500 ஆண்டுக்கு முந்தியது. உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. சேவல் ஒன்று யானையை எதிர்த்து வென்ற இடம் என்று கதை சொல்வார்கள். இவ்வளவு பெருமை வேறெந்த நாட்டுச் சேவலுக்கும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால், "சண்டை நின்றால் சாதி அழியும்" என்று அவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விலங்குகளைச் சண்டைக்கு மூட்டிவிடுவது 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், சரித்திரத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1835இல் சேவற்சண்டையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். வளர்த்தவர்கள் சேவலைக் கைவிட்டார்களா? இல்லை. கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். 1845இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பெரிய கோழிக் கண்காட்சி நடந்தது. நம் நாட்டிலிருந்து போன அசில் சேவலை வைத்துக் கார்ன்வால் பகுதியில் உண்டாக்கிய இனத்துக்கு அங்கே 'இண்டியன் கேம்' என்றே பெயர். அமெரிக்காவில் அதைக் கார்னிஷ் என்றார்கள். 1948இல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி வைத்தபோது கார்னிஷ் கலப்பில் பிறந்த கோழிதான் முதற்பரிசு பெற்றது. இன்று உலகம் தின்கிற பிராய்லர் கோழியின் ஆண் வழியில் கார்னிஷ் இரத்தம் ஓடுகிறது. அதாவது, அசிலின் இரத்தம் ஓடுகிறது. களத்தில் செத்த சேவலால் அந்த வம்சம் பெருகவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் உயிரோடு நின்ற சேவலால் பெருகிற்று. நம் பக்கத்திலேயே கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களுக்குக் கண்காட்சி வைக்கிறார்கள். அங்கே நல்ல சேவலுக்குப் பெட்டையைவிட அதிக மரியாதை. ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல்தான் அந்த மரியாதை கிடைக்கிறது.

மூன்றாவதாக, கருணை உள்ளவர்கள். இவர்களிடம்தான் எனக்கு அதிகமாகப் பயம். "கோயிலில் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் காட்டில் விடுங்கள், சுதந்திரமாக இருக்கட்டும்" என்றார்கள். கூட்டில் வளர்ந்த சேவலுக்குக் காடு என்பது சுதந்திரம் ஆகாது. முதல் இரவே நரிக்கோ காட்டுப்பூனைக்கோ அது இரையாகும். ஆகாமல் பிழைத்தால் இன்னும் ஆபத்து. நம் மலைக்காடுகளில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழிக்கு வீட்டுக் கோழியின் நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். கோயிலில் விடும் சேவல் எங்கே போகிறது என்பதை ஏலம் நடக்கும் நாளில் நின்று பார்த்தால் தெரியும். புண்ணியம் விட்டவருக்கு, குழம்பு எடுத்தவருக்கு.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன். நான் சைவம் அல்லன். பிறக்கும் சேவல் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியும் என்றும் சொல்லவில்லை. மாமாவே வம்சத்துக்கு ஆகாத சேவலை அறுத்துத் தின்றவர்தான். எதை அறுப்பது, எதை வைப்பது என்று நோட்டைப் பார்த்து முடிவு செய்தார். அறுத்ததையும் நோட்டில் எழுதினார். கறிக்கு வேண்டும் என்று நேராகக் கேட்டிருந்தால், நானும் இரண்டாந்தரமான ஒன்றைக் கொடுத்திருப்பேன். குழந்தைகளைச் சாக்கு வைத்துக் கேட்டு வாங்கியதுதான் எனக்கு ஆறவில்லை.

என் குற்றமும் இதில் உண்டு. சும்மா கொடுத்தேன் அல்லவா? அதுதான் தப்பு. காசு வாங்காமல் கொடுத்த பொருளுக்கு நம் வீடுகளில் என்ன மதிப்பு? அத்தைதான் எனக்கு வழி காட்டினாள்.

"நீங்க ஏன் மாப்பிள்ளே தானமாக் கொடுக்குறீக? வாரத்துக்கு விடுங்களேன். ஆடு மாடு விடுறதில்லையா?"

இவ்வளவு எளிய யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கப்பட்டேன். வாரம் என்றால் பட்டணத்து வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பசுவையோ ஆட்டையோ ஒருவர் வளர்ப்புக்குக் கொடுப்பார். வளர்க்கிறவர் ஈன்ற குட்டியில் பங்கு தருவார். தாய் கொடுத்தவருக்குச் சொந்தம். பத்திரம் கிடையாது, பேச்சுத்தான். ஆனால் அந்தப் பேச்சை மீறினால் ஊரில் தலைகாட்ட முடியாது.

முதலில் பெட்டைகளைத் தேடிக்கொண்டு போனேன். மாமா நினைவாகக் கொண்டுபோன முப்பதில் பத்தொன்பதைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. மற்றவற்றைப் பற்றி, "நரி பிடித்துவிட்டது" என்று ஒருவரும், "விருந்தாளி வந்துவிட்டார்கள்" என்று ஒருவரும் சொன்னார்கள். பத்தொன்பதும் இருந்த ஐந்து ஊர்களில் ஐந்து வீடுகளைப் பிடித்தேன். வீட்டுக்கு ஒரு சேவலை வாரத்துக்கு விட்டேன். பேச்சு இதுதான்: சேவல் அத்தைக்குச் சொந்தம். ஆண்டுக்கு இரண்டு குஞ்சு, ஓர் ஆண், ஒரு பெண், திரும்பத் தர வேண்டும். வேறு சாதிச் சேவல் அந்தக் கொல்லையில் கூடாது. தை பிறந்தால் சேவல் மட்டும் அடுத்த ஊருக்கு நகரும். பெட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். வளையம் போல ஐந்து ஊரும் சுற்றி வந்தால், மகளோடு தகப்பன் சேர மாட்டான். பழைய சேவலை எடுத்து மூன்று வாரம் கழித்துத்தான் புதுச் சேவலை விட வேண்டும். அதன் வித்து அவ்வளவு நாள் பெட்டையின் உடம்பில் தங்கும். வருகிற சேவலை இரண்டு வாரமாவது தனியாக வைத்து, வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டு, பொழுது சாய்ந்த பிறகு கூட்டில் விட வேண்டும். இவ்வளவும் ஒரு பக்கத்தில் எழுதி, மாமாவின் நோட்டிலிருந்து அந்தந்தச் சேவலின் வம்சத்தையும் படியெடுத்து, ஐந்து வீட்டிலும் கொடுத்தேன். நாவல் எழுதிக்கூட நான் அவ்வளவு கவனமாகப் பிழை திருத்தியதில்லை.

2025ஆம் ஆண்டு தை மாதம் முதல் கணக்குப் பார்த்தோம். ஐந்து வீட்டில் நாலு வீட்டார் பேச்சுத் தவறாமல் இரண்டு குஞ்சு கொண்டுவந்தார்கள். ஐந்தாவது வீட்டில் பெட்டைகள் கழிச்சலில் போய்விட்டன. சேவல் மட்டும் பிழைத்தது. அந்த வீட்டு அம்மாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். "சேவல் இருக்கட்டும் தம்பி. பெட்டை எங்கயாச்சும் கிடைக்கும். சேவல் இல்லாத வீடு விடிஞ்ச மாதிரியே தெரியாது" என்றாள். எட்டு மாதமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தையை, எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் சொன்னாள்.

ஆறாவது சேவல் காகம், கறுப்பு. எல்லாவற்றுக்கும் மூத்தது. அதை யாருக்கும் கொடுக்கவில்லை. அத்தையிடமே இருக்கிறது. முழங்கால் வலியோடு அவளே தண்ணீர் வைக்கிறாள்.

கணக்கு இப்போது என்ன? வாரம் தொடங்கிய அன்று பத்தொன்பது பெட்டை, ஆறு சேவல், பலம் 18. மாமா விட்டுப்போனது 25. என் கண் முன்னால், என்னுடைய தாராளத்தால், ஏழு குறைந்துவிட்டது. இனி அதை 25 ஆக்குவதற்கு எத்தனை தை பிறக்க வேண்டுமோ தெரியாது.

நாட்டுக் கோழி வாங்கப் போகும் வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றே. பெட்டை கேட்பதற்கு முன்னால், "சேவல் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?" என்று விற்பவரைக் கேளுங்கள். பிறகு, உங்கள் வீட்டில் அதற்கு இடம் உண்டா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டணத்து மாடியில் முடியாது என்றால், கிராமத்தில் வளர்க்கிற ஒருவருக்கு ஒரு சேவலின் தீனிச் செலவைக் கொடுங்கள். அதுவும் ஒரு வாரம்தான். இரண்டும் முடியாது என்றால் கடையில் முட்டை வாங்கிச் சாப்பிடுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. மரபு என்ற சொல்லை மட்டும் ஐந்து ஊர்க் கொல்லையிலும் அத்தை வீட்டுத் திண்ணையிலும் விட்டுவிட்டுப் போங்கள்.